ஒரு தேதியும் முப்பது லட்சம் மனிதரும்

குடிபுகுந்தோர் சரித்திரம் – அத்தியாயம் 9

மெக்ஸிகோவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை வரவழைத்த பிரஸெரோ திட்டம் 1964ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிவுற்றதையும், மறு ஆண்டு அக்டோபரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவியின் சிலையடியில் அமர்ந்து கையெழுத்திட்ட புதிய சட்டம், ஐரோப்பிய இனத்தாருக்குச் சலுகை காட்டிய பழைய பங்கீட்டு முறையை ஒழித்த அதே வேளையில், மேற்கு அரைக்கோளத்து நாடுகளிலிருந்து வருவோருக்கு முதன்முறையாக ஓர் உச்சவரம்பை விதித்ததையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குபவர்க்கு, ஒன்று தொழிலாளர் நலனுக்காகவும் மற்றொன்று சமத்துவத்துக்காகவும் இயற்றப்பட்ட நற்செயல்களாகவே தோன்றும். சேர்த்து நோக்கினால்தான் அவற்றின் விளைவு புலப்படும். 1956இல் மட்டும் சுமார் 4,45,000 மெக்ஸிகர்கள் ஒப்பந்தச் சீட்டோடு எல்லை கடந்து வயல்களுக்கு வந்தார்கள். 1976இல் திருத்தப்பட்ட சட்டமோ அந்நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 குடியேற்ற விசாக்களையே ஒதுக்கியது. கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களும் டெக்ஸாஸின் வெங்காய வயல்களும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டுக் குறைவாக விளையவில்லை. ஆள் தேவை அப்படியே இருந்தது. தந்தை வந்த வழியிலேயே மகனும் வந்தான். அதே கங்காணியிடம், அதே பண்ணையில் வேலைக்கு நின்றான். தந்தையின் கையில் இருந்த சீட்டு மகனுடைய கையில் இல்லை என்ற ஒன்றே வேறுபாடு. அந்த ஒன்றினால் அவன் குற்றவாளியானான்.

அவனை வேலைக்கு வைத்தவனோ குற்றவாளியாகவில்லை. சட்ட விரோதமாக வந்தவருக்குப் புகலிடம் தருவது குற்றம் என்று விதித்த 1952ஆம் ஆண்டுச் சட்டம், வேலை கொடுப்பது மட்டும் புகலிடம் தருவதாகக் கொள்ளப்படாது என்று ஒரு விலக்கையும் சேர்த்தே எழுதியிருந்தது. டெக்ஸாஸ் பண்ணையாரின் செல்வாக்கினால் நுழைந்த அந்த விலக்குக்கு ‘டெக்ஸாஸ் விதி’ என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. முப்பத்துநான்கு ஆண்டுக்காலம் அது அழியாமல் நின்றது. பீட்டர் ரொடினோ 1972இலும் 1973இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றுவித்த, அத்தகையவரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் மசோதாக்களை, மிஸிஸிப்பியின் பெரும் பண்ணையாரும் செனட்டின் நீதிக் குழுத் தலைவருமான ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டு எடுத்துப் பார்க்கவே இல்லை. ஒரு ராஜ்யம் ஒரு வகை மனிதரின் உழைப்பை வேண்டி, அவர்களுடைய பிரசன்னத்தைக் கண்டும் காணாததுபோல் இருந்து, ஒரு தலைமுறைக்காலம் பயனடைந்துவிட்ட பின், அம்மனிதருக்கு அது பட்ட கடன் என்ன என்னும் கேள்வியே இந்த அத்தியாயத்தின் விஷயமாகும்.

பாதிரியாரின் குழு

இக்கேள்வியை ஆராய்ந்து சொல்லும்படி 1978இல் காங்கிரஸ் நியமித்த பதினாறு பேர் கொண்ட தனிக்குழுவுக்கு, நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் தலைவரும் கத்தோலிக்கப் பாதிரியாருமான தியோடர் ஹெஸ்பர்க் தலைமை தாங்கினார். கறுப்பினத்தாரின் சம உரிமைக்காகப் பல்லாண்டு பாடுபட்ட அவர், எல்லையற்ற இரக்கத்தைப் போதிப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அவரோ தயையையும் தண்டனையையும் ஒருங்கே வைத்தார். 1981 மார்ச்சில் வெளிவந்த அறிக்கை, ஆவணமின்றி வாழ்வோர் 35 லட்சம் முதல் 60 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டு, அவர்களுள் வேரூன்றியவர்களுக்குச் சட்டபூர்வ அந்தஸ்து வழங்கவேண்டும், இனி அத்தகையவரை வேலைக்கு வைக்கும் முதலாளிகளைத் தண்டிக்கவேண்டும், சட்டப்படி வருவோரின் தொகையைச் சற்று உயர்த்தவேண்டும் என்று மூன்று பரிந்துரைகளைச் செய்தது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை நிலைகுலையும் என்பதே குழுவின் தீர்க்கமான அபிப்பிராயம். இதைப் பின்னர் வந்தவர்கள் எவ்வாறு மறந்தார்கள் என்பதைப் போகப்போகக் காண்போம்.

அறிக்கையின் மை உலர்ந்த மறு ஆண்டிலேயே, சுப்ரீம் கோர்ட்டு அதே கேள்வியைக் குழந்தைகளின் பக்கமிருந்து நோக்க நேர்ந்தது. சட்டப்படி வராத குழந்தைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் தரப்படாது என்று டெக்ஸாஸ் 1975இல் விதித்ததைக் கொண்டு, டைலர் என்னும் ஊரின் பள்ளி நிர்வாகம் அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. ரோஜாத் தோட்டங்களிலும் வார்ப்படச் சாலைகளிலும் அற்பக் கூலிக்கு உழைத்த பெற்றோர்க்கு அத்தொகை, வாசற்கதவைச் சாத்தியதற்குச் சமானம். 1982 ஜூன் 15ஆம் தேதி, ஐந்துக்கு நான்கு என்னும் மயிரிழைப் பெரும்பான்மையில் அந்த விதி தள்ளுபடியாயிற்று. பெற்றோர் செய்த குற்றத்துக்குப் பிள்ளையைத் தண்டிப்பது நீதியாகாது என்றும், எழுத்தறிவற்ற ஒரு தாழ்ந்த வகுப்பைத் தன் எல்லைக்குள்ளேயே நிரந்தரமாக வளர்ப்பதால் ராஜ்யத்துக்கு வரும் நன்மை எதுவுமில்லை என்றும் நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதினார். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர்கூட, இக்குழந்தைகளுக்குக் கல்வியை மறுப்பது விவேகமான கொள்கை என்று சொல்லவில்லை. அதைத் திருத்தும் பொறுப்பு நீதிமன்றத்துடையதன்று, சட்டசபைகளுடையது என்றே வாதித்தார். ஆகவே இரு தரப்பு நீதிபதிகளின் விரலும் காங்கிரஸையே சுட்டின.

இரு நண்பர்களின் மசோதா

காங்கிரஸில் இப்பொறுப்பை அத்தீர்ப்புக்கு முன்பே ஏற்றிருந்தவர்கள், இதனால் ஒரு வாக்கும் லாபமில்லாத இரண்டு பேர். வயோமிங் மாநிலத்து ரிபப்ளிகன் செனட்டர் ஆலன் சிம்ப்சனின் தொகுதியில் குடிபுகுந்தோர் மிகச் சிலரே. கென்டக்கியின் டெமாக்ரட் பிரதிநிதி ரோமானோ மஸோலியோ, ஹெஸ்பர்க் தலைமை வகித்த பல்கலைக்கழகத்தில் படித்தவர், இத்தாலியிலிருந்து வந்த தந்தைக்கு மகன். சிம்ப்சனுக்கோ வேறொரு நினைவு இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வமிசத்தார் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்கப் பிரஜைகளை முள்வேலிக்குள் அடைத்து வைத்த ஹார்ட் மவுண்டன் முகாம், அவருடைய ஊருக்கு அண்மையிலேயே இருந்தது. சாரணச் சிறுவனாக அங்கே சென்ற அவர், வேலிக்கு உட்புறத்தில் நார்மன் மினெட்டா என்னும் தம் வயதுச் சிறுவனோடு நட்புக்கொண்டார். பின்னாளில் இருவருமே காங்கிரஸில் அமர்ந்தார்கள். ஒரு வகுப்பாரை மொத்தமாகச் சந்தேகிக்கத் தொடங்கிய ராஜ்யம் எங்கே போய் நிற்கும் என்பதை நூல்களில் படித்தறிய அவருக்கு அவசியமிருக்கவில்லை.

1982 மார்ச்சில் இருவரும் ஏக காலத்தில் இரு சபைகளிலும் மசோதாவை முன்வைத்தபோது கிளம்பிய விவாதத்தில், யார் எந்தப் பக்கம் என்று எளிதில் வகுக்க முடியவில்லை. தொழிற்சங்கங்களின் சம்மேளனம் முதலாளிகளுக்குத் தண்டனை வேண்டும் என்றது. வர்த்தகர் சங்கம் கூடாது என்றது. ஸ்பானிய வழியினரின் ஸ்தாபனங்களும், லாஸ் ஏஞ்சலிஸ் பிரதிநிதி எட்வர்ட் ராய்பாலும் வர்த்தகர் பக்கமே நின்றார்கள். ஆனால் காரணம் வேறு. தண்டனைக்கு அஞ்சும் முதலாளி, மாநிறமும் ஸ்பானியப் பெயரும் உடைய எவரையும், அவர் பிறவிப் பிரஜையாகவே இருந்தாலும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான் என்று அவர்கள் அஞ்சினார்கள். அவ்வச்சம் எவ்வளவு உண்மையாயிற்று என்பதற்குப் பிற்காலமே சாட்சி சொல்லிற்று.

மன்னிப்பை எதிர்த்தவர்களின் வாதத்தையும் உள்ளபடியே எடுத்துரைப்பது சரித்திரம் எழுதுபவனின் கடமை. சட்டத்தை மீறியவர்க்குப் பரிசளித்தால் சட்டத்தின்பால் மரியாதை எங்ஙனம் எஞ்சும் என்று அவர்கள் கேட்டார்கள். பிலிப்பைன்ஸிலும் மெக்ஸிகோவிலும் உறவினர் விசாவுக்காகப் பல்லாண்டு முறையாகக் காத்திருப்பவர்க்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார்கள். இன்று மன்னித்தால் நாளை இன்னொரு கூட்டம் அடுத்த மன்னிப்பை நம்பி வராதோ என்று கேட்டார்கள். இவற்றுள் ஒன்றேனும் துவேஷத்தால் மட்டும் பிறந்த கேள்வி என்று தள்ளிவிடத் தக்கதன்று. ஆயினும் இரண்டாவது வாதத்தில் ஒரு குறை உண்டு. வரிசையை மீறினான் என்று குற்றம் சாட்டப்பட்ட அந்தப் பண்ணைத் தொழிலாளிக்கு, அமெரிக்காவில் குடியுரிமையோ நிரந்தர வாசமோ பெற்ற நெருங்கிய உறவினர் எவரும் இல்லாவிடில், நின்று காத்திருக்க ஒரு வரிசையே இருக்கவில்லை. கல்வியற்ற உழைப்பாளிக்கென ஒதுக்கப்பட்ட விசாக்கள் அத்தனை சொற்பம். அவன் முன் இருந்தவை இரண்டே: பசியோடு ஊரில் இருப்பது, அல்லது சீட்டில்லாமல் வந்து உழைப்பது. அவன் உழைப்பை வாங்கியவர்களும் அந்நாட்டவர்தாம் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நான்கரை ஆண்டு இழுபறி

1982 ஆகஸ்டில் செனட் மசோதாவை 80க்கு 19 என்ற வாக்கில் ஏற்றது. பிரதிநிதிகள் சபையில் அது குவியல் குவியலான திருத்தப் பிரேரணைகளுக்கு அடியில் புதைந்தது. 1983 மே மாதம் செனட் மறுபடி ஏற்றது; சபாநாயகர் டிப் ஓ’நீல், ஸ்பானிய வழியினரின் ஆட்சேபத்தை முன்னிட்டு அதைச் சபைக்குக் கொண்டுவர மறுத்தார். அவர் மனம் இளகி 1984 ஜூன் மாதம் கொண்டுவந்தபோது, நீண்ட விவாதத்துக்குப் பின் 216க்கு 211 என ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் மசோதா தேறியது. பின்னர் இரு சபைகளின் சமரசக் குழுவில் செலவுப் பங்கீட்டிலும் பாகுபாட்டுத் தடுப்பு விதியிலும் உடன்பாடு காணாமல் மாண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி கான்ஸஸ் நகரில் நடந்த தேர்தல் வாதத்தில், டெமாக்ரட் வேட்பாளர் வால்டர் மாண்டேல் முதலாளிகள் மீதான தண்டனை பாகுபாட்டை விளைவிக்கும் என்று மசோதாவை எதிர்த்தார். ரிபப்ளிகன் ஜனாதிபதி ரொனால்டு ரீகனோ, முன்னொரு காலத்தில் சட்ட விரோதமாக வந்திருந்தாலும் இங்கே வேரூன்றி வாழ்ந்துவிட்டவர்க்கு மன்னிப்பு வழங்குவதில் தமக்கு நம்பிக்கை உண்டு என்று வெளிப்படையாகவே அறிவித்தார். இக்காலத்து அமெரிக்கக் கட்சி அரசியலை மட்டும் அறிந்தவர் இதை வாசித்து வியப்படையக்கூடும்.

1985இல் விவசாயிகளின் குரல் ஓங்கிற்று. அழுகும் பயிரை உரிய நாளில் பறிக்க ஆள் வேண்டும் என்று வாதாடிய கலிஃபோர்னியா செனட்டர் பீட் வில்சன், லட்சக்கணக்கான தற்காலிக விருந்தாளித் தொழிலாளரை அனுமதிக்கும் திருத்தத்தைச் செனட்டில் நிறைவேற்றிக்கொண்டார். பிரஸெரோ காலத்துக் கொடுமைகளை மறவாத பிரதிநிதிகள் சபையின் டெமாக்ரட்டுகள் அதை ஏற்க ஒருப்படவில்லை; நியூயார்க் நகரத்து இளம் பிரதிநிதி சார்லஸ் ஷூமர், கலிஃபோர்னியப் பிரதிநிதிகளான லியோன் பனெட்டாவையும் ஹோவர்ட் பெர்மனையும் கூட்டி வைத்து மாதக்கணக்கில் பேசி, விருந்தினராய் வந்து போகும் கூலிகளுக்குப் பதிலாக, ஏற்கெனவே வயலில் உழைத்தவர்க்கே நிரந்தர வாசம் அளிக்கும் தனி ஏற்பாடு ஒன்றை வகுத்தார். தொழிலாளியைப் பண்ணையோடு கட்டிவைக்காமல், வேண்டாதபோது விட்டுப்போகும் சுதந்திரத்தை அவனுக்குத் தந்ததே இந்த ஏற்பாட்டின் சிறப்பு.

1986 செப்டம்பர் 26ஆம் தேதி, விவாத நிபந்தனைகளைக் குறிக்கும் பிரேரணையே பிரதிநிதிகள் சபையில் தோற்றபோது, மசோதா செத்தது என்றே அனைவரும் கைவிட்டார்கள். ஆனால் சமரசம் பேசியவர்கள் சளைக்கவில்லை. இரண்டே வாரத்தில், அக்டோபர் 9ஆம் தேதி, அது மீண்டும் சபைக்கு வந்தது. மன்னிப்புப் பகுதியை முழுதாக நீக்கிவிடவேண்டும் என்று ஃப்ளோரிடாவின் பில் மெக்காலம் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவாக 192 பேரும் எதிராக 199 பேரும் வாக்களித்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மாந்தரின் எதிர்காலம் ஏழு வாக்குகளில் தொங்கிற்று என்பதை நினைக்குந்தோறும், சட்டசபை வாழ்வில் ஒவ்வொரு தனி மனிதரின் வாக்குக்கும் உள்ள கனம் நம் நெஞ்சில் உறைக்கிறது. அன்றே மசோதா 230க்கு 166 என நிறைவேறியது. இரு சபைகளும் சமரச வடிவத்தை ஏற்ற பின், நவம்பர் 6ஆம் தேதி ரீகன் கையெழுத்திட்டார்.

1982 ஜனவரி 1

குடியேற்றச் சீர்திருத்த, கட்டுப்பாட்டுச் சட்டம் என்னும் அந்த சாசனத்தின் ஜீவநாடி ஒரு தேதி. 1982 ஜனவரி முதல் நாளுக்கு முன் வந்து, அன்று தொட்டு இடையறாமல் சட்ட விரோதமாக வாழ்ந்து வந்தவர்கள், 1987 மே 5 முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். தற்காலிக வாசிகளாகச் சில காலம் இருந்தபின், ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் ஓரளவு கற்று, நிரந்தர வாசிகளாகலாம். ஆனால் ஐந்தாண்டுக்காலம் மத்திய சர்க்காரின் பெரும்பாலான உதவித்தொகைகளுக்கு உரியவர்களாக மாட்டார்கள். பண்ணைத் தொழிலாளர்க்கு வேறு கணக்கு: 1986 மே முதல் தேதியோடு முடிந்த ஆண்டில் தொண்ணூறு நாள் அழுகும் பயிர்களில் உழைத்திருந்தால் போதும்.

இப்படித் தேதி குறித்து மன்னிப்பது அமெரிக்காவுக்குப் புதிதன்று என்பதை அன்றைய விவாதத்தில் பலர் மறந்திருந்தனர். 1929 மார்ச்சிலேயே, 1921 ஜூனுக்கு முன் வந்து நன்னடத்தையோடு வாழ்ந்த, வந்ததற்கான பதிவு ஏதும் இல்லாதவர், இருபது டாலர் செலுத்திப் பதிவு செய்துகொண்டு நிரந்தர வாசியாகலாம் என்று ஒரு சட்டம் ஏற்பட்டது. அதனால் அதிகம் பயனடைந்தவர்கள் ஐரோப்பியர். அந்தப் பதிவுத் தேதியைக் காங்கிரஸ் பிற்பாடு 1924க்கும், 1940க்கும், 1948க்கும் நகர்த்திற்று. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதை 1972 ஜனவரி முதல் நாளுக்குக் கொணர்ந்தது. ஒரு மனிதன் ஒரு மண்ணில் நெடுங்காலம் உழைத்து வாழ்ந்துவிட்டால், அவன் வந்த வழியின் குற்றம் காலத்தால் தேய்ந்துபோகும் என்னும் தர்மத்தை, ஐரோப்பியர் பொருட்டு அமெரிக்கச் சட்டம் மனமார ஏற்றிருந்தது. 1986இல் நிகழ்ந்ததெல்லாம், அந்தத் தர்மத்தை மெக்ஸிகருக்கும் மத்திய அமெரிக்கருக்கும் விரித்ததே.

ஆனால் தேதியைக் குறித்தவர்கள் காலத்தைக் கணக்கிடவில்லை. 1984இல் தேறி மாண்ட மசோதாவில் இருந்த அதே தேதி 1986லும் மாறாமல் நின்றது. காங்கிரஸ் இழுத்தடித்த காலமெல்லாம், மன்னிப்பு வேண்டியவனின் தலைமேல் சுமையாக ஏறிற்று. விண்ணப்ப அலுவலகத்தின் கதவு திறந்த நாளில், ஒருவன் ஐந்து ஆண்டும் நான்கு மாதமும் தான் அந்நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டியவனானான்.

நிரூபிப்பது எப்படி? அத்தனை காலமும் தான் இருந்த சுவடே தெரியாதபடி வாழ்வதே அவனுடைய பாதுகாப்பாக இருந்தது. வாடகையை ரொக்கமாகக் கொடுத்தான். கூலியை ரொக்கமாக வாங்கினான். இரவல் பெயரில் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் காட்டினான். மின்சாரக் கட்டணத்தை வேறொருவர் பெயரில் கட்டினான். இப்போது அதே சர்க்கார் அவனிடம் வாடகைச் சீட்டையும், சம்பளச் சீட்டையும், பிள்ளையின் பள்ளிப் பதிவையும், பாதிரியாரின் கடிதத்தையும் கேட்டது. எவன் அதிகம் அஞ்சி, அதிகம் மறைந்து வாழ்ந்தானோ அவனிடமே சாட்சியம் குறைவாக இருந்தது. பிறர் வீடுகளில் சமைத்தும் குழந்தை வளர்த்தும் வாழ்ந்த பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுடைய உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறியதே இல்லை.

விண்ணப்பக் கட்டணம் பெரியவர்க்கு 185 டாலர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 420 டாலர். ஒரு மணிக்குக் குறைந்தபட்சக் கூலி 3.35 டாலராக இருந்த காலம் அது. ஒரு வார உழைப்புக்கும் மேலான ஊதியம் அந்த ஒரு கட்டணத்துக்கே போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘லா மிக்ரா’ என்று நடுக்கத்தோடு குறிப்பிடப்பட்ட குடியேற்ற இலாகாவின் வாயிலுக்குத் தானாகவே நடந்து சென்று, தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள விவரங்களைக் கொண்டு எவரையும் நாடு கடத்தலாகாது என்று சட்டம் உறுதியளித்தது. கோயில்களும் தர்ம ஸ்தாபனங்களும் இடைநின்று உதவ அங்கீகரிக்கப்பட்டன. இலாகாவும் இதற்கெனத் தனி அலுவலகங்களை நாடெங்கும் திறந்தது. முதல் வாரங்களில் தயங்கிய ஜனங்கள், முன்சென்றவர் பத்திரமாகத் திரும்பியதைக் கண்டு திரள் திரளாகச் சென்றார்கள்.

பொதுத் திட்டத்தில் 17 லட்சத்துக்கு மேலும், பண்ணைத் திட்டத்தில் 12 லட்சத்துக்கு மேலுமாக, ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். சுமார் 27 லட்சம் பேர் முடிவில் நிரந்தர வாசிகளானார்கள். பண்ணைத் திட்டத்தில், தளர்வான சாட்சிய விதிகளைப் பயன்படுத்திக்கொண்டு, வயலையே காணாதவர் பலரும் பொய்ப் பிரமாணங்களோடு நுழைந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. பொதுத் திட்டத்திலோ இதற்கு நேர்மாறான அநீதி. நோயுற்ற தாயைக் காண முன் அனுமதியின்றிச் சில நாள் ஊருக்குப் போய் வந்தவரையும், விசாவைக் காட்டி மீண்டும் நுழைந்தவரையும் தகுதியற்றவர் என்று இலாகா கற்பித்துக்கொண்ட விதிகளால், பலருடைய விண்ணப்பங்கள் மேஜையிலேயே வாங்க மறுக்கப்பட்டன. அவர்கள் பொருட்டுத் தொடுக்கப்பட்ட பெரு வழக்குகள் 2004இல்தான் சமரசத்தில் முடிந்தன; பதினாறு ஆண்டு தாமதித்து வந்த நீதி, பலருடைய வாழ்வின் நடுப்பகுதியையே விழுங்கிவிட்டிருந்தது.

கோட்டின் இருபுறமும் ஒரு குடும்பம்

தேதி கிழித்த கோடு குடும்பங்களின் நடுவே சென்றது. கணவன் 1981இல் வந்து, கொஞ்சம் காலூன்றியபின் 1983இல் மனைவி மக்களை வரவழைத்திருப்பான். அவனுக்கு அந்தஸ்து, அவர்களுக்கு இல்லை. ஒரே மேஜையில் உண்பவருள் ஒருவர் சட்டத்தின் குழந்தை, மற்றவர் சட்டத்தின் குற்றவாளி. 1987 அக்டோபரில் இலாகா, பெற்றோர் இருவருமே தகுதி பெற்ற பிள்ளைகளை மட்டும் நாடு கடத்துவதில்லை என்று அறிவித்தது; 1990 பிப்ரவரியில் அது மனைவியர்க்கும் விரிந்தது; அவ்வாண்டு நவம்பரில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம், 1988 மே 5க்கு முன் வந்த துணைவர்க்கும் பிள்ளைகட்கும் நிலையான பாதுகாப்பளித்து, மூன்றாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 55,000 வரை தனி விசாக்களையும் ஒதுக்கிற்று. நான்காண்டு போராட்டத்தின் பயன் அது.

எல் சால்வடாரின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி ஓடிவந்தவருள் மிகப் பலர் 1982க்குப் பின் வந்தவர்கள். அந்நாட்டு ஆர்ச் பிஷப் ரொமேரோ பலிபீடத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்டதன் இரண்டாம் நினைவு நாளான 1982 மார்ச் 24 அன்று, அரிஸோனாவின் டூஸான் நகரத்துத் தேவாலயம் ஒன்று அவர்களுக்குப் பகிரங்கமாகப் புகலிடம் அளிக்கத் தொடங்கியது. அவர்கள் அகதிகள் என்பதை மறுத்த சர்க்கார், வேரூன்றிய வாசிகள் என்பதையும் தேதியைக் காட்டி மறுத்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முதலாகத் தற்காலிகப் பாதுகாப்பு என்னும் நிழலை அவர்கட்கு அளித்தது.

தண்டனைப் பகுதியின் கதியோ பரிதாபகரமானது. ஒவ்வொரு முதலாளியும் புதிதாக வேலைக்கு வருபவரின் ஆவணங்களைப் பார்த்து ஒரு படிவத்தை நிரப்பவேண்டும். ஆவணம் பார்வைக்கு மெய்யாகத் தோன்றினால் போதும், மெய்தானா என்று விசாரிக்கும் கடமை அவனுக்கில்லை. ஆகவே போலி ஆவண வியாபாரம் செழித்தது. முதலாளியின் மனச்சாட்சி படிவத்தோடு சாந்தியடைந்தது. மற்றொரு பக்கம், ராய்பால் முதலியோர் அஞ்சியவாறே, அந்நியத் தோற்றமுடைய பிரஜைகளுக்கு வேலை மறுக்கும் வழக்கம் பரவியிருப்பதைக் காங்கிரஸின் கணக்காய்வு இலாகா 1990இல் அறிவித்தது. குற்றவாளி தப்பினான், நிரபராதி அகப்பட்டான்.

ஹெஸ்பர்க் குழு சொன்ன மூன்றனுள் மூன்றாவதை, அதாவது நாளை தேவைப்படும் உழைப்பாளி சட்டப்படி வருவதற்கு ஒரு வாயிலை, 1986ஆம் ஆண்டுச் சட்டம் திறக்கவே இல்லை. பொருளாதாரத்தின் பசி மாறவில்லை. வழி மட்டும் அடைபட்டே இருந்தது. ஆகவே இருபது ஆண்டுக்குள் ஆவணமற்றோர் தொகை ஒரு கோடியைத் தாண்டிற்று. மன்னிப்பே இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் என்று இன்றும் மேடைதோறும் முழங்கப்படுகிறது. நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும் நமக்கோ, மன்னிப்புப் பகுதி ஒன்றே அச்சட்டத்தில் சொன்னதைச் செய்தது என்று தோன்றுகிறது. அந்தஸ்து பெற்றவர்கள் கூலி உயரப் பெற்றார்கள். அநியாயம் செய்யும் கங்காணியை விட்டு விலகும் தைரியம் பெற்றார்கள். இரவுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றார்கள். 1996ஆம் நிதியாண்டில் புதிதாகப் பிரஜாவுரிமைப் பிரமாணம் எடுத்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெருந்திரளில், பத்தாண்டுக்கு முன் மறைந்து வாழ்ந்தவர் எண்ணற்றோர் நின்றார்கள். பொய்த்துப்போனவை, மெய்யாக அமலாக்கப்படாத தண்டனையும், எழுதாமலே விடப்பட்ட எதிர்கால வாயிலுமே.

மன்னிப்பு என்பது கடந்த காலத்துக்கு ராஜ்யம் செய்யும் நியாயம். வருங்காலத்துக்கான நியாயத்தை அது செய்ய இயலாது, அதை அதனிடம் கேட்பதும் தகாது. இவ்விரண்டையும் ஒரே மசோதாவில் வைத்துப் பேசிய தலைமுறை ஒன்றையாவது செய்து முடித்தது. அடுத்த தலைமுறை ஒன்றையும் செய்யாமல், 1972இல் நிறுத்தப்பட்ட அந்தப் பதிவுத் தேதியைக்கூட ஓர் ஆண்டேனும் முன்நகர்த்தாமல், எல்லையில் வேலி எழுப்புவதிலேயே தன் பொருளையும் சினத்தையும் செலவிட்டது. 1929இல் எட்டாண்டு வாசத்தை உரிமையாக மதித்த ஒரு தேசம், இன்று ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட வாசத்தைக் கேட்கிறது என்றால், மாறிப்போனது குடிபுகுந்தவரின் குணமன்று, அத்தேசத்தின் அளவுகோல் என்றே நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வேலி எல் பாஸோவிலும் ஸான் டியாகோவிலும் எழுந்த விதத்தையும், 1994 நவம்பரில் கலிஃபோர்னிய மக்கள் 187ஆம் பிரேரணைக்கு வாக்களித்துப் பள்ளிக்கூடக் கதவுகளை மீண்டும் சாத்த முயன்றதையும், முன்பு பருவந்தோறும் வந்து திரும்பிய உழைப்பாளி, வேலியின் காரணமாகவே திரும்ப வழியின்றி நிலைத்துவிட்ட விபரீதத்தையும் அடுத்த அத்தியாயத்தில் விவரிப்போம்.

(தொடரும்)